மாத்துக் கை

அந்த லிஃப்ட் கம்பெனியில் உயரமானவை என்று சொல்ல இரண்டே இரண்டுதான் உண்டு. ஒன்று, சுவரை முழுசாக விழுங்கிவிட்டு நிற்கும் பலகை. இன்னொன்று, அதற்கு முன்னால் ஸ்டூல்மேல் ஏறி நிற்கும் முதலாளியின் அக்கா. ஸ்டூலை உருவிவிட்டால் அக்கா நாலே முக்கால் அடி. அதிலும் கால் அடி கொண்டை என்று மெக்கானிக்குகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். ஆனாலும் அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘டவர்’. விமானங்களை ஏற்றி இறக்கும் டவர் மாதிரி, பதினாறு மெக்கானிக்குகளை ஊர் முழுக்க ஏற்றி இறக்குகிறவள் அவள்தானே.

பலகையில் நானூற்றுப் பன்னிரண்டு கொக்கிகள். ஒரு கொக்கிக்கு ஒரு லிஃப்ட். ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் ஒரு நிறத்தில் தகர டோக்கன்கள். எங்கேயாவது ஒரு லிஃப்ட் மக்கர் பண்ணினால் போன் வரும். கூப்பிட்டவர் “ஹலோ” சொல்லி அடுத்த மூச்சை இழுப்பதற்குள் டவர் அந்தக் கொக்கியில் ஒரு டோக்கனை மாட்டி, மைக்கில் ஆளையும் விரட்டியிருப்பாள்.

“கயிறண்ணே, எங்க இருக்கீங்க?”

“டீ குடிச்சுட்டு இருக்கேன்மா.”

“பாதியில வைங்க. பின் தெருவுல பல் டாக்டர் கட்டடம். மூணாவது மாடியில ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க. ஒருத்தருக்குப் பல் வலி, இன்னொருத்தர் அந்த டாக்டரேதான். பல் வலிக்காரர் ஓடவும் முடியாம நிக்கறாரு. சீக்கிரம்.”

கயிறு அந்தக் கம்பெனியின் மூத்த மெக்கானிக். லிஃப்ட் கயிற்றைத் தடவிப் பார்த்தே அதற்கு எத்தனை வயசு, இன்னும் எத்தனை வருஷம் உழைக்கும் என்று ஜாதகம் சொல்லிவிடுவார். ஆள் அகலமும் கயிற்றின் அகலம்தான்.

இருபத்திரண்டு வருஷத்தில் டவர் பார்த்துக்கொண்ட லிஃப்டுகளில் ஏறி இறங்கியவர்களை ஒருவர் தோள்மேல் ஒருவராக நிறுத்தினால், நிலாவைத் தொட்டுவிட்டு, அங்கே மறந்து வைத்த குடையை எடுக்க இன்னொரு தடவையும் போய் வரலாம். அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட ஒரு நகக்கீறல் கிடையாது. இதை அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை. ஸ்டூலில் ஏறும்போது முதுகு தானாக நிமிரும், அவ்வளவுதான்.

அந்த முதுகுக்கு ஒரு நாள் சோதனை வந்தது. கடிதமாக வந்தது. அனுப்பியது ஊரின் பெரிய ஆஸ்பத்திரி. முப்பத்தொரு லிஃப்ட் வைத்திருக்கும் ராட்சசன். ‘எங்கள் லிஃப்டுகளில் எது ஓடுகிறது, எது நிற்கிறது, சரிபார்க்க யார் வருகிறார், எத்தனை மணிக்கு வருகிறார் என்பதெல்லாம் இன்னும் ஆறு மாதத்துக்குள் எங்கள் அறைத் திரையிலேயே தெரிய வேண்டும். இயலாதெனில் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வோம்’ என்று எழுதியிருந்தது. டோக்கனும் மைக்கும் எவ்வளவு சத்தம் போட்டாலும் ஆஸ்பத்திரித் திரையில் போய் ஒட்டிக்கொள்ளாது. சாஃப்ட்வேர் வேண்டும்.

தம்பியின் அறையில் மூன்று பேர் கூடினார்கள். தம்பிதான் முதலாளி. நல்ல மனசு, ஆனால் எங்கே பட்டனைப் பார்த்தாலும் அழுத்திப் பார்த்தே தீரவேண்டும். ஒரு தடவை தீயணைப்பு மணியை அழுத்திவிட்டு, வந்த வண்டிக்காரர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பியவன். அவன் பக்கத்தில் அவனுடைய மச்சான், மனைவியின் தம்பி. எதைக் கேட்டாலும் ஸ்லைடு போட்டுக் காட்டுவான் என்பதால் மெக்கானிக்குகள் அவனை ‘ஸ்லைடு’ என்றார்கள். மதியம் என்ன சாப்பிடலாம் என்று கேட்டதற்கு ஒன்பது ஸ்லைடு காட்டியவன் என்று ஒரு பேச்சு உண்டு. ஒன்பது இல்லை, பதினொன்று.

“நாம லிஃப்ட் பாக்கற ஆளுங்க மாமா. நமக்கு எதுக்கு கம்ப்யூட்டர் பொழப்பு? மொத்தத்தையும் வெளிக் கம்பெனிக்குத் தூக்கிக் குடுத்துட்டு, காலை நீட்டி உக்காருவோம்” என்றான் ஸ்லைடு.

“பலகை?” என்றாள் டவர்.

“அதைக் கழட்டிட்டு அங்க ஒரு மீன் தொட்டி வெச்சுடலாம்க்கா. முப்பத்தாறாவது ஸ்லைடுல போட்டிருக்கேன் பாருங்க.”

பார்த்தாள். ஸ்லைடில் மீன்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

“நாமளே ஆள் வெச்சு செஞ்சா என்ன?” என்று தம்பி மெதுவாகக் கேட்டான். கேட்டதுமே மூவருக்கும் போன வருஷம் ஞாபகம் வந்தது. ஒரு புரோகிராமரை வேலைக்கு வைத்து, இடம் இல்லாததால் டவரின் மைக்குக்கு நேர் கீழே உட்கார வைத்தார்கள். அவள் ஒவ்வொரு தடவை கத்தும்போதும் திரையிலிருந்து எழுத்துகள் உதிர்ந்து விழுவதாக அவர் சொன்னார். பதினோரு நாள் தாக்குப்பிடித்தார். பன்னிரண்டாம் நாள் அவரிடமிருந்து கடிதம்தான் வந்தது: இதைவிட அமைதியான வேலை கிடைத்துவிட்டதாம். விமான நிலையத்தில், ஓடுபாதைக்குப் பக்கத்தில்.

தம்பி பெருமூச்சு விட்டான். “அக்கா, எனக்குப் பட்டன் அழுத்தத்தான் தெரியும். பலகையில என்ன இருக்குன்னு உனக்குத்தான் தெரியும். வெளியில குடுக்கறதா வேண்டாமா, குடுத்தா யாருக்கு, எப்படி, எல்லாம் நீயே முடிவு பண்ணு. நான் கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடறேன்.”

டவருக்குள் சந்தோஷமும் பயமும் ஒரே கதவில் நுழையப் பார்த்து மாட்டிக்கொண்டன. கொடுக்காவிட்டால் ஆஸ்பத்திரி போய்விடும். கொடுத்தாலோ, லிஃப்ட் மோட்டார் மூச்சு விடும் சத்தத்தை ஜன்மத்தில் கேட்காத ஆட்கள், எங்கோ உட்கார்ந்துகொண்டு, எந்த லிஃப்டுக்கு யார் போகவேண்டும் என்று எழுதுவார்கள். அவர்கள் ஒரு இடத்தில் தப்பாக எழுதினால் என்றைக்காவது ஒரு நாள் யாராவது ஒருவர் விழுவார். இருபத்திரண்டு வருஷம் அந்த ஒரு விழுதலோடு முடிந்தது.

ஆகவே எழுதினாள். வேலை எப்படி நடக்கிறது என்று வெளிக் கம்பெனிக்குச் சொல்ல ஒரு ஆவணம். மூன்று வாரம் பேனாவைக் கீழே வைக்கவில்லை. தொண்ணூற்று நாலு பக்கம். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வண்டி நகராது, எந்த மெக்கானிக்குக்குப் பன்னிரண்டாம் மாடிக்கு மேல் தலை சுற்றும், எந்தக் காவல்காரரிடம் முட்டி வலியை விசாரித்தால்தான் மோட்டார் அறைச் சாவி கைக்கு வரும் என்பது வரை ஒன்று விடவில்லை. அதைத் தூக்கி மேசையில் போட்டபோது அடுத்த அறையில் ஒரு நாற்காலி தானாக நகர்ந்தது.

மூன்று கம்பெனிகளைத் தேர்ந்தெடுத்தாள். மூவருக்கும் அதே ஆவணம், அதே சின்ன வேலை. “முழுசும் வேண்டாம். ஒரே ஒரு கட்டடம், ஆறு லிஃப்ட், மூணு வாரம். செஞ்சு காட்டுங்க. நடுவுல எப்ப வேணும்னாலும் இங்க வந்து உக்காந்து பாக்கலாம். கதவு திறந்தே இருக்கும்.”

முதல் கம்பெனியிலிருந்து ஒரே நிறச் சட்டையில் ஏழு பேர் வந்தார்கள். பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் ‘ஏழு பேர் கம்பெனி’ ஆனார்கள். இரண்டாவது கம்பெனிக்காரர் எதைக் கேட்டாலும் “ஆமாம், செஞ்சுடலாம்” என்றார். கயிறு போய் அவரிடம் பவ்யமாக, “லிஃப்ட் பக்கவாட்டுல போய் எதிர் வீட்டுல நிக்கற மாதிரி செய்ய முடியுங்களா?” என்று கேட்டார். “ஆமாம் சார், செஞ்சுடலாம்.” அது ‘ஆமாம் கம்பெனி’.

மூன்றாவது, வேறு ஊரில் ஒன்பதே பேர் வைத்திருக்கும் கம்பெனி. அதன் தலைவியே வந்தாள். டவரைவிட இரண்டு வயசு கூடவோ குறையவோ இருக்கலாம், தடித்த கண்ணாடி. கையோடு ஒரு குஷன் கொண்டுவந்து மூலையில் போட்டு, நாலு நாள் எழுந்திருக்கவே இல்லை. நடுநடுவே ஒரே ஒரு வார்த்தை மட்டும் வரும்: “ஏன்?” மெக்கானிக்குகள் சாயங்காலத்துக்குள் பெயர் வைத்துவிட்டார்கள். ஏன் மேடம்.

“அந்தம்மா நேத்து என்னைப் பாத்து ஏன்னு கேட்டாங்க டவரக்கா. நான் சும்மா தும்மினேன், அவ்வளவுதான்” என்று ஒருவர் புகார் சொன்னார்.

மூன்று வாரம் முடிந்து காட்டும் நாள் வந்தது. பலகை அறையில் ஒரு பெரிய திரையை வைத்தார்கள். பின்னால் மெக்கானிக்குகள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள். டவர் மூவருக்கும் ஒரே கதையைத்தான் கொடுத்திருந்தாள்: காலையில் இரண்டாம் நம்பர் லிஃப்டைக் கயிறு பழுது பார்த்தார், இப்போது அது சரியாக இருக்கிறதா என்று சரிபார்க்க ஆள் அனுப்ப வேண்டும்.

ஏழு பேர் கம்பெனியின் திரையில் தங்க நிறத்தில் ஒரு லிஃப்ட் அன்னம் மாதிரி மிதந்து வந்தது. பின்னணியில் புல்லாங்குழல். தம்பி ஆசை தாங்காமல் எழுந்து பட்டனை அழுத்தினான். ‘சரிபார்க்க அனுப்பப்படுபவர்: கயிறு. பக்கத்துத் தெருவில் இருக்கிறார்’ என்று வந்தது.

சுவரோடு நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்தினார்கள். மாடிக்கும் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்ற மாதிரி அறையே நின்றது.

ஆமாம் கம்பெனியின் திரையில் புல்லாங்குழல் இல்லை. ஆனால் ஆள் அதே ஆள்தான். கயிறு.

“என்னையேவா?” என்றார் கயிறு. அந்த ஒல்லி உடம்பு இன்னும் ஒல்லியானது. “நான் செஞ்சதை நானே போயி பாக்கணுமா?”

“ரெண்டு பேருமே டாகுமென்ட்ல இருக்கற மாதிரிதான் செஞ்சிருக்காங்கக்கா” என்றான் ஸ்லைடு. “பக்கத்துல இருக்கற ஆளை அனுப்பணும். அம்பத்தி மூணாம் பக்கம். நீங்க எழுதினதுதான்.”

டவர் பக்கங்களைப் புரட்டினாள். முன்னால் புரட்டினாள், பின்னால் புரட்டினாள். காவல்காரரின் முட்டி இருந்தது. தேடியது இல்லை. அவள் முகத்தில் இருந்த ரத்தம் மொத்தமும் இறங்கித் தரைத்தளத்துக்குப் போய்விட்டது.

ஏன் மேடம் எழுந்தாள். அவள் திரை வெறும் சாம்பல் நிறத்தில், பெட்டி பெட்டியாக, பார்க்கவே அழுகை வரும்படி இருந்தது. “என்னோடது இன்னும் முடியலைங்க. சரிபாக்க ஆள் அனுப்பற இடத்தோட நிறுத்தி வெச்சிருக்கேன்.”

ஸ்லைடு சிரித்தான். “மூணு வாரம் பத்தலையா மேடம்?”

“எழுதறதுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாதுங்க. எழுதக் கூடாதுன்னு தோணுச்சு. டாகுமென்ட்ல ஒண்ணு இருக்கு, இங்க நான் பாத்தது வேற ஒண்ணு.” அவள் டவரின் பக்கம் திரும்பினாள். “வேலை முடிஞ்சதும் டோக்கனைத் திருப்பி, நிறம் சுவத்தைப் பாக்கற மாதிரி மாட்டறீங்க. அப்புறம் சரிபாக்க ஆளை அனுப்பறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு தடவையும் சுண்டு விரலால அந்த டோக்கனோட ஓரத்தை லேசா தூக்கிப் பாக்கறீங்க. நாலு நாள்ல நூத்தி எழுபத்தாறு தடவை எண்ணினேன். ஏன்?”

“நானா?” என்றாள் டவர்.

“நீங்கதான்.”

“தினமும்தான் டவரக்கா” என்றார்கள் பின்னாலிருந்து பதினாறு பேரும்.

டவர் தன் சுண்டு விரலைப் பார்த்தாள். தனக்குத் தெரியாமலே இத்தனை வருஷம் ஊர் சுற்றிவிட்டு வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“மாத்துக் கை” என்றாள் கடைசியில். “பழுது பாத்த கை வேற, சரிபாக்கற கை வேற. சரிபாக்கறவருக்கு அது யாரோட வேலைன்னு தெரியக் கூடாது. தெரிஞ்சா, சிநேகிதன்னா விட்டுக் குடுப்பாங்க, ஆகாதவன்னா குத்தம் கண்டுபிடிப்பாங்க. அதுக்குத்தான் டோக்கனைத் திருப்பறது. செஞ்ச ஆளையே அனுப்பிடக் கூடாதுன்னுதான் ஓரத்தைத் தூக்கிப் பாக்கறது. அந்த வேற கை வந்து பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் லிஃப்ட்ல யாரும் ஏறக் கூடாது.”

“ஏன்?” என்றாள் ஏன் மேடம். பழக்கதோஷம்.

ஏன் என்பதை ஊரே அறியும். கம்பெனியை ஆரம்பித்த அப்பா, லிஃப்டோடு பேசத் தெரிந்தவர். அதுவும் பதில் பேசும் என்பார்கள். ஒரு நாள் ஒரு லிஃப்டை அவரே பழுது பார்த்து, அவரே சரி என்று கையெழுத்துப் போட்டு, பெருமையாக அதிலேயே ஏறினார். ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் அது நின்றது. உள்ளே அவரோடு ஒரு பாட்டு வாத்தியார். வாத்தியாருக்குப் பயம் வந்தால் பாட்டு வரும். நாலே கால் மணி நேரம் பாட்டு வந்தது. அதில் இருபது நிமிஷம் மட்டும் சுதியோடு. கதவைத் திறந்தபோது அப்பா தரையில் உட்கார்ந்து இரண்டு காதிலும் கைக்குட்டையைத் திணித்திருந்தார். வெளியே வந்து சொன்ன முதல் வார்த்தை: “இனிமே அவனவன் வேலைக்கு அவனவன் கையெழுத்துப் போடக் கூடாது.”

அன்றிலிருந்து மாத்துக் கை. அது ஒரு விதி என்பதே அவர்களுக்கு மறந்துபோய்விட்டது. மூச்சை மூக்கால் இழுக்கவும் என்று யார் எழுதி வைப்பார்கள்? அதனால்தான் தொண்ணூற்று நாலு பக்கத்தில் அது இல்லை. யாருக்கும் ஒரு நகக்கீறல்கூட விழாததன் காரணமே அதுதான், அதுவே விட்டுப்போயிருந்தது.

வெட்கம் ஒரு நிமிஷம் இருந்தது. அதற்குப் பின்னாலேயே, யாரும் கூப்பிடாமல், பெருமை ஏறி வந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் அந்தப் பலகையைப் பார்த்திருக்கிறார்கள், படம் எடுத்திருக்கிறார்கள். அவள் சுண்டு விரலைப் பார்க்க ஒருத்தி வேறு ஊரிலிருந்து குஷனோடு வரவேண்டியிருந்தது.

மறுநாள் டவர் தன் முடிவை எழுதினாள். இந்தத் தடவை தொண்ணூற்று நாலு பக்கம் இல்லை, ஒரே பக்கம். நடுவில் ஒரு கோடு.

“இந்தப் பக்கம் எல்லாக் கம்பெனியும் செய்யற வேலை” என்றாள் தம்பியிடமும் ஸ்லைடிடமும். “பில்லு, லீவு, வழி காட்டற படம், ஆஸ்பத்திரி பாக்கற திரை. இதை வெளியில குடுத்துடலாம். ஏழு பேர் கம்பெனிக்கே குடுப்போம். திரை அழகாத்தான் செய்யறாங்க. புல்லாங்குழலை மட்டும் நிறுத்தச் சொல்லுவோம்.”

“அந்தப் பக்கம்?”

“அது நாம மட்டும் செய்யற வேலை. எந்த லிஃப்டுக்கு எந்தக் கை. இது இந்த அறையை விட்டு வெளியில போகாது. ஏன் மேடத்தோட ஆளுங்க ரெண்டு பேர் இங்க வந்து, பலகைக்குப் பக்கத்துல உக்காந்து செய்வாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை செஞ்ச வரைக்கும் காட்டணும். எழுதினது எல்லாம் நம்ம சொத்து. நாளைக்கு அவங்க போனாலும் அதைப் படிச்சுப் புரிஞ்சுக்க நம்ம ஆள் ஒருத்தர் வேணும். அந்த ஏர்போர்ட் புரோகிராமரைக் கூப்பிட்டேன். ஓடுபாதையில பழகினதுக்கு அப்புறம் நான் கத்தறது தாலாட்டு மாதிரி இருக்குமாம். வர்றேன்னு சொல்லிட்டாரு.”

“இதென்னக்கா, பாதி உள்ள, பாதி வெளியில?” என்றான் ஸ்லைடு. “குடுத்தா முழுசா குடுக்கணும்.”

“வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் வெச்சுக்கலாம் தம்பி. வீட்டுல யாரு யாருன்னு சொல்லவுமா ஆள் வெச்சுக்குவோம்?”

தம்பி பேனாவை எடுத்தான். டவர் அந்தத் தாளைச் சட்டென்று திருப்பி, எழுத்து மேசையைப் பார்க்கும்படி கவிழ்த்தாள். “இரு. இது நான் எழுதினது. வேற கை பாக்கணும்.”

கயிறைக் கூப்பிட்டார்கள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அரை மணி நேரம் படித்தார். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். “எல்லாம் சரிம்மா. ஒண்ணு விட்டுட்டே” என்றார். “அப்பா தன்னையும் சேத்துத்தான் சொன்னாரு.” பேனாவை வாங்கி, அடியில், கோணல்மாணலான எழுத்தில் இரண்டு வார்த்தை சேர்த்தார். தம்பி சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

அடுத்த நாலு மாதமும் அந்த அறையில் இரைச்சலுக்குக் குறைவில்லை. டவர் மைக்கில் கத்துவாள். ஏர்போர்ட்டுக்காரர் நிம்மதியாகத் தலையாட்டிக்கொண்டு எழுதுவார். ஏன் மேடத்தின் ஆட்கள் தங்களுக்குள்ளும் மாத்துக் கையைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர், யார் எழுதியது என்று தெரியாமல் சரிபார்ப்பார். அதைக் கேட்ட அன்று டவர் ஸ்டூல் இல்லாமலே மேல் கொக்கியைத் தொட்டாள் என்று சொல்கிறார்கள்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் காட்டும் நாள். வெள்ளைக் கோட்டுகள் ஒரு கூட்டமாக வந்து உட்கார்ந்திருந்தன. நடுவில் ஆஸ்பத்திரியின் இன்ஜினியர். மூடிய லிஃப்ட் கதவு மாதிரி ஒரு முகம். எந்தப் பட்டனை அழுத்தினாலும் திறக்காது. காலையில்தான் ஏழாம் நம்பர் லிஃப்டைக் கயிறு பழுது பார்த்திருந்தார். சரிபார்த்தால் திறந்துவிடலாம். கயிறும் அங்கேயே, கையில் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

தம்பிக்குக் கை பரபரத்தது. “இப்ப பாருங்க சார். ஒரே தட்டு. ஆள் ரெடி, அங்கயே நிக்கறாரு” என்று முன்னால் போய், கயிறின் பெயரைத் தொட்டு, பட்டனை அழுத்தினான்.

திரை சிவந்தது.

தம்பி சிரித்து வைத்தான். “சும்மா கேக்குதுங்க. நான் முதலாளி இல்லையா, எனக்குன்னு தனிக் கடவுச்சொல் இருக்கு.” அதைத் தட்டினான். மறுபடி அழுத்தினான். இந்தத் தடவை சிவப்பின்மேல் எழுத்துகள் வந்தன. கூடத்தின் கடைசி நாற்காலிக்கும் தெரியும் அளவுக்குப் பெரிய எழுத்துகள்:

‘இது அவர் தொட்ட லிஃப்ட். வேற கை வேணும். முதலாளிக்கும் கிடையாது.’

கயிறு பையைக் கீழே வைத்துவிட்டு, தான் எழுதிய கடைசி இரண்டு வார்த்தையை நெஞ்சில் கை வைத்துப் படித்தார். ஒரு வெள்ளைக் கோட்டு களுக்கென்று சிரித்தது. தம்பியின் காது திரையைவிடச் சிவந்தது. டவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். போச்சு, ஆஸ்பத்திரி போச்சு.

“இன்னொரு தடவை அழுத்துங்க” என்றார் இன்ஜினியர்.

அழுத்தினான். கிடையாது.

லிஃப்ட் கதவு மெல்ல, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் திறந்தது. உள்ளே பற்கள் இருந்தன, நிறையவே இருந்தன. “இதுவரைக்கும் நாலு கம்பெனி வந்து எல்லாத்துக்கும் ‘முடியும்’னு காட்டிட்டுப் போனாங்க” என்றார் அவர். “முதலாளியைப் பாத்தே ‘முடியாது’ன்னு சொல்ற மெஷினை இப்பத்தான் பாக்கறேன். முப்பத்தொண்ணையும் நீங்களே வெச்சுக்கங்க.”

ஒரு தாள் வந்தது. கீழே ‘பரிசோதித்து ஏற்றவர்’ என்று ஒரு வரி. இன்ஜினியர் பேனாவை நேராக டவரிடம் நீட்டினார். இருபத்திரண்டு வருஷமும் அந்தப் பேனா முனையில் வந்து நின்றது. தம்பி, “போடுக்கா, போடு” என்று கண்ணால் கெஞ்சினான்.

டவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். “இது நான் செய்யச் சொன்னது. என் கை ஆகாது சார்.”

இன்ஜினியர் ஏன் மேடத்தைப் பார்த்தார். அவளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஏர்போர்ட்டுக்காரரும் கட்டிக்கொண்டார். கூடத்தில் பாதிப் பேர் விலங்கு போட்ட மாதிரி நின்றார்கள்.

“அப்ப யாரு?”

டவர் ஸ்லைடைக் காட்டினாள். “இவரு. இது உடைஞ்சு போகணும்னு இவரளவுக்கு ஆசைப்படற ஆள் இந்த ஊர்லயே கிடையாது.”

ஸ்லைடு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கயிறின் பெயரை மாற்றி அனுப்பிப் பார்த்தான். ஏழாம் நம்பரை எட்டு என்று பொய் சொல்லிப் பார்த்தான். கயிறு லீவில் இருப்பதாகவும், வேலையை விட்டு நின்றுவிட்டதாகவும், கடைசியில் அப்படி ஒரு ஆளே பிறக்கவில்லை என்றும் பதிந்து பார்த்தான். கயிறு பக்கத்தில் நின்று, “நான் இருக்கேன் தம்பி, நான் இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெள்ளைக் கோட்டுகள் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தன. ஐம்பத்தெட்டாவது தடவை திரை சிவந்தபோது ஸ்லைடு நாற்காலியில் சாய்ந்தான். நெற்றி வியர்வையைத் துடைத்தான். தன்னுடைய ஸ்லைடுகளைப் பார்க்கும்போதுகூட அவன் முகத்தில் அப்படி ஒரு மரியாதை வந்ததில்லை.

“தாங்குதுக்கா” என்றான். “என்ன பண்ணினாலும் தாங்குது.” பேனாவை வாங்கி, தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினான்.

கீழே இறங்க ஏழாம் நம்பரிலேயே ஏறினார்கள். அதற்குள் ஒரு வேற கை வந்து பார்த்து, திறந்துவிட்டிருந்தது. அது யார் கை என்று அங்கே டவருக்கு மட்டும்தான் தெரியும்; அவள் சொல்லவில்லை. லிஃப்ட் பஞ்சு மாதிரி இறங்கி, ஒரு மயிரிழை ஏற்றத்தாழ்வு இல்லாமல் தரையோடு தரையாக நின்றது. நடுவில் நின்ற டவர், நாலே முக்கால் அடிதான் என்றாலும், கூரையை முட்டிவிடாமல் இருக்கத் தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் தம்பி எதிரில் வந்தவரையெல்லாம் நிறுத்தி, “என் மெஷின் என்னையே முடியாதுன்னு சொல்லிடுச்சு தெரியுமா!” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு போனான்.

ஸ்லைடு தயங்கித் தயங்கி டவரின் பக்கத்தில் வந்தான். “அக்கா, அந்த மீன் தொட்டி…”

“வைக்கலாம் தம்பி. பலகைக்குப் பக்கத்துலயே வைப்போம்” என்றாள் டவர். “தீனி நீங்க போடுங்க. போட்டீங்களான்னு வேற ஒருத்தர் பாக்கட்டும்.”